வியாழனின் காந்தப்புலம் குறைந்துவருகிறதா? பழைய மாடல்களையும் ஜூனோ மாடலையும் ஒப்பிடுவது பற்றி

#1 எரிமீன்73

வியாழனின் காந்தப்புல மாடல்களில் முதல் கெழுவை, அதாவது சுழல் அச்சோடு ஒட்டிய இருமுனைக் கூறை, வரிசையாக வைத்தால் இப்படி வருகிறது: ஓ6 மாடலில் 4.242 காஸ் (1 காஸ் என்பது 1,00,000 நானோடெஸ்லா), விஐபி4-இல் 4.205, வியாழனைச் சுற்றிய நாசாவின் ஜூனோ விண்கலத்தின் முதல் ஒன்பது சுற்றுகளிலிருந்து எடுத்த ஜேஆர்எம்09-இல் 4.102. பயனியர், வாயேஜர் காலத்திலிருந்து ஜூனோ வரை ஏறத்தாழ 40 ஆண்டு. 3.3 சதவீதம் இறக்கம். நூறாண்டுக்குக் கணக்கிட்டால் 8 சதவீதம், பூமியின் இருமுனை குறையும் வேகத்தைவிட அதிகம்.

இந்த இறக்கம் உண்மையா? இல்லையென்றால், கால மாற்றத்தை அளக்க எதை எதிலிருந்து கழிக்க வேண்டும்?

#2 பாயக்கோடு

உண்மை இல்லை. உங்கள் எண்களே அதைக் காட்டுகின்றன. ஓ6, விஐபி4 இரண்டுக்கும் அடிப்படை ஒரே டேட்டாதான்: 1974-இன் பயனியர் 11, 1979-இன் வாயேஜர் 1. விஐபி4-இல் கூடுதலாக வியாழனின் நிலவான அயோவின் காலடித் தடங்கள், அதாவது அயோவின் புலக்கோடு வியாழனின் வளிமண்டலத்தைத் தொடும் ஒளிப்புள்ளிகளின் இடங்கள், சேர்க்கப்பட்டன. ஒரே காலத்து அளவீடுகளிலிருந்து 4.242, 4.205 என்று இரண்டு விடை. பயனியர் 11 மட்டும் கொண்டு செய்த ஓ4-இல் 4.218. 1974-ஐவிட 1979-இல் புலம் கூடி, பிறகு குறைந்தது என்று யாரும் சொல்ல மாட்டோம். மாடலுக்கு மாடல் உள்ள வேறுபாடே ஒரு சதவீதம் வருகிறது என்பதுதான் பொருள்.

காரணம் தூரம். புலத்தைப் படிப்படியாகக் கூறுகளாகப் பிரிக்கிறோம்: படி 1 இருமுனை, படி 2 நான்முனை, படி கூடக்கூட நுண்ணிய அமைப்பு. படி n உள்ள கூறு, ஆரத்தின் n+2 அடுக்கில் தேயும். பயனியர் 11 மிக நெருங்கியது 1.6 வியாழ ஆரம். பயனியர் 10 ஏறத்தாழ 2.8, வாயேஜர் 1 4.9, யுலிசிஸ் 6.3. படி 10 உள்ள ஒரு கூறு 1.6 ஆரத்தில் 280-இல் ஒரு பங்காகிவிடும். 2.8-இல் 2,30,000-இல் ஒரு பங்கு. ஜூனோ போகும் 1.06-இல் பாதிதான் குறையும். பழைய டேட்டா உயர்படிகளைப் பார்க்கவே இல்லை. ஆனால் படி 4, 5 போன்றவை முழுக்க மறைவதுமில்லை. படி 3-இல் வெட்டிய 15 கெழுக்களோ, படி 4-இல் வெட்டிய 24 கெழுக்களோ அந்த மிச்சத்தைத் தங்களுக்குள் விழுங்கிக்கொள்கின்றன. முதலில் வீங்குவது முதல் கெழுதான்.

கெழுவைக் கெழுவிலிருந்து கழிக்காதீர்கள்.

#3 தரவுத்தச்சன்

பாயக்கோடு சொன்னதோடு ஒரு சின்ன விஷயம், பலரும் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். மாடலுக்கு மாடல் "ஒரு வியாழ ஆரம்" என்பது ஒன்றல்ல. ஜேஆர்எம் மாடல்களுக்கு 71,492 கி.மீ. பழைய கட்டுரைகளில் 71,398 போன்ற மதிப்புகள் இருக்கும். இந்த இரண்டுக்கும் இடையே மட்டும் 0.13 சதவீத வேறுபாடு. கனமாக்கினால் இருமுனையில் 0.4 சதவீதம், ஏறத்தாழ 1,600 நானோடெஸ்லா. மாடலை எடுத்தவுடன் அதன் ஆரம் எது என்று பார்த்து, கெழு ஒவ்வொன்றையும் ஆர விகிதத்தின் n+2 அடுக்கால் பெருக்கி ஒரே ஆரத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் எதையும் ஒப்பிட வேண்டும்.

சரியான வழி இது. பழைய விண்கலத்தின் பாதையை எடுங்கள். அந்த நேரம், அந்த இடம், அந்த ஒவ்வொரு புள்ளியிலும் ஜூனோ மாடல் என்ன புலம் தரும் என்று கணக்கிடுங்கள். அதோடு வெளிப்புறக் காந்தத்தட்டின், அதாவது கோளைச் சுற்றித் தட்டுபோல ஓடும் மின்னோட்டத்தின், புலத்தைச் சேருங்கள். அளந்த மூன்று கூறுகளிலிருந்து இதைக் கழியுங்கள். மிச்சம் எவ்வளவு, அது பாதையில் எங்கே கூடுகிறது என்பதுதான் கால மாற்றத்துக்கான சான்று. கிம்பர்லி மூரும் உடன் ஆய்வாளர்களும் 2019-இல் செய்தது அடிப்படையில் இதுதான்: ஜேஆர்எம்09-ஐ வைத்து பயனியர் 10, 11, வாயேஜர் 1, யுலிசிஸ் டேட்டாவோடு ஒப்பிட்டார்கள். மாற்றம் கோள் முழுதும் பரவியில்லை, பூமத்திய ரேகையருகே உள்ள பெரிய நீலப்புள்ளியைச் சுற்றிக் குவிந்திருக்கிறது என்று வந்தது.

புதியவர்களுக்கு: பெரிய நீலப்புள்ளி கண்ணுக்குத் தெரியும் புள்ளி அல்ல. ஆரத்திசைப் புலத்தை வரைபடமாக்கும்போது உள்நோக்கிய புலத்துக்கு நீல நிறம் கொடுப்பதால் வந்த பெயர்.

#4 காந்தஊசி

இங்கே சுழற்சிக் காலத்தைப் பற்றிப் பேசாமல் மேலே போகக்கூடாது. ராட்சதக் கோளில் தீர்க்கரேகை என்பது பாறையில் வெட்டிய கோடு இல்லை. சிஸ்டம் 3 (1965) என்பது ரேடியோ அலைகளிலிருந்து பெற்ற சுழற்சி: நாளுக்கு 870.536 டிகிரி, காலம் 9 மணி 55 நிமிடம் 29.71 விநாடி. இதில் 0.01 விநாடி பிழை இருந்தால் 40 ஆண்டில் 35,000 சுற்றுக்கு மேல் சேர்ந்து 3.6 டிகிரி நகர்ந்துவிடும்.

இப்போது மாடல்களில் இருமுனை சாயும் தீர்க்கரேகையைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஓ4-இல் மேற்கு 201.7, விஐபி4-இல் 200.8, ஓ6-இல் 200.1, ஜேஆர்எம்09-இல் 196.6. மூன்றரை முதல் ஐந்து டிகிரி கிழக்கே. இது சுழற்சிப் பிழையா, கால மாற்றமா, வெட்டிய மாடலின் குறையா? கெழுக்களை மட்டும் வைத்துப் பிரிக்கவே முடியாது. ஆக, நீலப்புள்ளி நகர்கிறது என்பதும் சுழற்சிக் காலத்தின் பிழைதானே என்று ஒருவர் கேட்டால் என்ன சொல்வது?

#5 பாயக்கோடு

சொல்லலாம். சுழற்சிப் பிழை முழுப் புலத்தையும் ஒரே கோணத்தால் திருப்பும். இருமுனை, நான்முனை, நீலப்புள்ளி, வடக்கே உள்ள செறிந்த பட்டை, எல்லாம் ஒன்றாகத் திரும்ப வேண்டும். நாம் தேடுவது ஒன்றுக்கொன்று சார்பான நகர்வு. அதனால் மிச்சத்தைக் கணக்கிடும்போது ஒரே ஒரு கூடுதல் மாறி சேர்த்து, முழுக் கோளுக்கும் பொதுவான சுழற்சித் திருத்தத்தை டேட்டாவே தீர்மானிக்கவிட வேண்டும். அதற்குப் பிறகும் நீலப்புள்ளியருகே மிச்சம் நின்றால் அதுதான் உண்மையான சமிக்ஞை.

ஜூனோவின் 33 சுற்றுகளிலிருந்து எடுத்த ஜேஆர்எம்33 மாடல் வந்தபோது நாசா சொன்ன எண்: நீலப்புள்ளி மற்ற உட்பகுதியைச் சார்ந்து கிழக்கே விநாடிக்கு ஏறத்தாழ 4 செ.மீ., கோளை ஒருமுறை சுற்ற 350 ஆண்டு. ஆண்டுக்கு ஒரு டிகிரி சுமார்.

#6 தரவுத்தச்சன்

இதே இடத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. விண்கலங்கள், கோள்கள் எப்போது எங்கே இருந்தன என்று கணக்கிட உதவும் நாசாவின் ஸ்பைஸ் கோப்புகளில் கோள்களின் திசை, சுழற்சி எல்லாம் ஒரு மாறிலிக் கோப்பில் வரும். ஐஏயு-வின் (சர்வதேச வானியல் ஒன்றியம்) 2000-ஆம் ஆண்டு அறிக்கையில் வியாழனுக்கு நாளுக்கு 870.5366420 டிகிரி என்று மாற்றினார்கள். அடுத்த அறிக்கையில் மீண்டும் 870.536-க்கே திரும்பிவிட்டார்கள். ஆக, இடைப்பட்ட காலத்துக் கோப்பு ஒன்று உங்கள் ஃபோல்டரில் கிடந்தால் ஆண்டுக்கு 0.23 டிகிரி பொய்யான நகர்வு சேரும்.

கணக்குத் தொடங்கும் நாள் 2000 ஜனவரி 1 என்பதால் அன்று பிழை சுழியம். இரண்டு பக்கமும் எதிரெதிர்க் குறியில் வளரும். 1974 டிசம்பரின் பயனியர் 11-க்கு 5.9 டிகிரி ஒரு பக்கம். 2016 ஆகஸ்டில் ஜூனோவின் முதல் அண்மைப் புள்ளிக்கு 3.9 டிகிரி மறுபக்கம். இரண்டையும் சேர்த்தால் கிட்டத்தட்ட 10 டிகிரி, அதாவது கோள் முழுக்க விநாடிக்கு 0.9 செ.மீ. பொய்க் காற்று. 4 செ.மீ.யைத் தேடும் வேலையில் இது கிட்டத்தட்டக் கால்பங்கு.

சோதனை எளிது. எந்தக் கோப்பை ஏற்றினாலும் முதலில் வியாழனின் சுழற்சி எண்ணை அச்சிட்டுப் பாருங்கள். 284.95, 870.536 என்று வர வேண்டும்.

#7 எரிமீன்73

சுழற்சியில் இவ்வளவு ஆபத்து இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. வெளிப்புறக் காந்தத்தட்டு பற்றியும் சொல்லுங்கள். பயனியர் 11-ஐ விட்டுவிட்டு வாயேஜர் 1-ஐ மட்டும் எடுத்தால் தட்டின் பங்கு எவ்வளவு?

#8 காந்தஊசி

வாயேஜர் 1-இன் 4.9 ஆரத்தில் இருமுனைப் புலம் பூமத்தியத் தளத்தில் ஏறத்தாழ 3,500 நானோடெஸ்லா. அதில் ஒரு சதவீத மாற்றம் என்றால் 35 நானோடெஸ்லா. இதை மனதில் வைத்துக்கொண்டு தட்டைப் பாருங்கள்.

1981-இல் ஜாக் கானர்னி குழு போட்ட தட்டு மாடல்: உள்விளிம்பு 5 ஆரம், வெளிவிளிம்பு 50, மொத்தத் தடிமன் 5, மின்னோட்டக் காரணி 225 நானோடெஸ்லா. ஜூனோ டேட்டாவோடு 2020-இல் புதுப்பித்தது: உள்விளிம்பு 7.8, வெளிவிளிம்பு 51.4, அரைத்தடிமன் 3.6, காரணி 139.6. கூடவே 16.7 மெகாஆம்பியர் ஆரத்திசை மின்னோட்டம். தட்டின் சாய்வு 9.3 டிகிரி. இரண்டிலும் கோளின் மையத்தில் தட்டு உண்டாக்கும் அச்சுப்புலத்தைக் கணக்கிட்டால் பழையதில் ஏறத்தாழ 195, புதியதில் 105 நானோடெஸ்லா. மாடலை மாற்றினாலே 90 வேறுபாடு! ஒரு சதவீதமான 35-ஐப் போல இரண்டரை மடங்கு.

இன்னொரு சிக்கல்: கோளுக்கு அருகில் தட்டின் புலம் கிட்டத்தட்டச் சீரானது, பூமத்தியத் தளத்தில் இருமுனைக்கு எதிர்த்திசை. ஒரு பாதை குறுகிய தூர இடைவெளியில் மட்டும் போனால், தட்டு வலுத்ததா இருமுனை மெலிந்ததா என்று டேட்டாவால் பிரித்தறிய முடியாது. தட்டின் வலு சுற்றுக்குச் சுற்று மாறுகிறது என்பதால் ஒரே காரணியை எல்லாப் பயணத்துக்கும் போடக்கூடாது. ஒவ்வொரு பயணத்துக்கும் மின்னோட்டக் காரணியைத் தனி மாறியாக விட்டுப் பொருத்துங்கள். பாதையின் தூரப்பகுதியை, 8 முதல் 20 ஆரம் வரை, கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். தட்டைக் கட்டிப்போடுவது அந்தப் பகுதிதான்.

#9 சுருள்கம்பி

கருவியின் பக்கத்தையும் பார்க்கலாம். ஜூனோவில் காந்தப்புலத்தை அளக்கும் இரண்டு ஃப்ளக்ஸ்கேட் உணரிகள், கலத்தின் மையத்திலிருந்து ஏறத்தாழ 10 மீட்டரிலும் 12 மீட்டரிலும். மூன்று சோலார் இறக்கைகளில் ஒன்றின் நுனியில் நீளும் கம்பத்தில் அவை இருக்கின்றன. இரண்டு உணரி வைப்பதற்குக் காரணம், கலத்தின் சொந்தக் காந்தம் உள் உணரியில் அதிகமாகவும் வெளி உணரியில் குறைவாகவும் தெரியும் என்பது. வியாழனின் புலம் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றே. வேறுபாடு கலத்தின் குற்றம்.

ஆறு அளவெல்லைகள், ஒவ்வொன்றும் முந்தையதைப் போல நான்கு மடங்கு: 1,600 நானோடெஸ்லாவில் தொடங்கி 16 லட்சம் வரை. 16 பிட். ஆகவே கீழ் எல்லையில் ஒரு படி 0.05 நானோடெஸ்லா, மேல் எல்லையில் 50. அண்மைப் புள்ளியருகே சின்னச் சின்னப் படிக்கட்டாக டேட்டா தெரிந்தால் அது வியாழன் அல்ல, அந்த 50. விநாடிக்கு 64 மாதிரி இருப்பதால் சராசரியில் அது கரைந்துவிடும்.

திசைப் பிழைதான் கரையாது. முதல் அண்மைப் புள்ளியில் பதிவான உச்சம் 7.766 காஸ். உணரியின் திசையில் 20 வில்விநாடி பிழை என்றால், பத்தாயிரத்தில் ஒரு பங்கு, அங்கே 75 நானோடெஸ்லா. அதனால்தான் ஒவ்வொரு உணரிக்கும் பக்கத்திலேயே விண்மீன் கேமராக்களை, டென்மார்க்கில் செய்தவை, ஒரே சிலிக்கான் கார்பைடு பலகையில் பொருத்தினார்கள். கலத்தின் உடலில் உள்ள கேமராவை நம்பினால், 10 மீட்டர் இறக்கை வெப்பத்தில் வளைவது அப்படியே காந்த மாற்றமாகத் தெரியும்.

கடைசியாக, சுழிப்பு மின்னோட்டம். கலம் நிமிடத்துக்கு இருமுறை சுழல்கிறது. பல காஸ் புலத்துக்குள் உலோகம் சுழன்றால் அதில் மின்னோட்டம் ஓடி, தனிப் புலம் உண்டாகும். அது சுழற்சியோடு ஒத்திசைந்து வருவதால் சராசரி எடுத்தாலும் ஒரு பகுதி நிற்கும். புலத்தின் வலுவுக்கு நேர்விகிதத்தில் வளர்வதால், மிச்சத்தில் கோளை நெருங்கநெருங்கக் கூடும் ஒரு சமிக்ஞையாக நிற்கும். கால மாற்றமும் பார்ப்பதற்கு அப்படியேதான் இருக்கும். திருத்திய டேட்டாவையே எடுங்கள். 30 விநாடிக்கு ஒருமுறை அலையும் மிச்சம் தெரிந்தால் திருத்தம் போதவில்லை என்று பொருள்.

#10 எரிமீன்73

> தட்டின் வலுவை ஒவ்வொரு பயணத்துக்கும் தனி மாறியாக விட்டுப் பொருத்துங்கள்

சரி. ஜூனோவுக்குள்ளேயே, 2016-இலிருந்து இப்போது வரை, மாற்றத்தைப் பார்க்க முடியாதா? அதே கருவி, அதே அளவுத்திருத்தம். பழைய டேட்டாவின் தொல்லையே வேண்டாம்.

#11 பாயக்கோடு

பார்த்திருக்கிறார்கள். எப்படி என்பதுதான் சுவையான பகுதி.

மின்கடத்தும் பாய்மத்தில் காந்தப் பாயம் உறைந்து, அதோடு சேர்ந்தே நகர்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டம் கிழக்கு-மேற்கு மட்டும் என்றால், ஓரிடத்தில் ஆரத்திசைப் புலம் மாறும் வேகம், அந்த அட்சரேகையின் கோணவேகத்தை அங்கே தீர்க்கரேகை வழியே புலம் சரியும் அளவால் பெருக்கி, குறியை மாற்றினால் கிடைக்கும். அவ்வளவுதான். ஆக, புலம் தீர்க்கரேகை வழியே தட்டையாக இருக்கும் இடத்தில் எவ்வளவு வேகமாகக் காற்றடித்தாலும் நமக்கு ஒன்றும் தெரியாது. நீலப்புள்ளியின் இரு ஓரங்களிலும் சரிவு செங்குத்து. மாற்றம் அங்கேதான் தெரிகிறது என்பதற்கு அங்கே மட்டும்தான் ஓட்டம் இருக்கிறது என்று பொருள் இல்லை. இதைக் குழப்பிக்கொண்டு எழுதப்படும் விளக்கங்கள் நிறைய.

ஜெரமி பிளாக்ஸாம் குழு 2022-இல் புலத்தையும் மண்டல வேகத்தையும் (கிழக்கு-மேற்கு ஓட்டத்தின் வேகம்) ஒரே பொருத்தலில் சேர்த்துத் தீர்த்தது. முதலில் புலம், பிறகு மிச்சத்திலிருந்து வேகம் என்று இரண்டு கட்டமாகச் செய்தால், முதல் கட்டம் பல ஆண்டு டேட்டாவை ஒரே நிலையான புலமாகப் பிசைந்து, நகர்வைத் தேய்த்துவிடும். 2024-இல் அவர்களே அடுத்த படி போனார்கள்: பூமத்திய ரேகைப் பகுதியின் ஆழ் ஓட்டம் நிலையாக இல்லை, ஏறத்தாழ 4 ஆண்டு காலத்தில் ஊசலாடுகிறது என்றார்கள்.

#12 காந்தஊசி

அந்த 4 ஆண்டு ஊசலில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு, முன்வைக்கிறேன். ஜூனோவின் அண்மைப் புள்ளி சுற்றுக்கு ஏறத்தாழ ஒரு டிகிரி வடக்கே நகர்கிறது, கோளின் தட்டைத்தன்மையால். தொடக்கத்தில் பூமத்திய ரேகையை 1.06 ஆரத்தில் கடந்தது. அண்மைப் புள்ளி 30 டிகிரி வடக்கே போனபின் அதே ரேகையை 1.135-இல் கடக்கும். 45 டிகிரி போனபின் 1.24. படி 10 கூறு முதல் நிலையில் இருந்ததைவிட 44 சதவீதமாகவும், பிறகு 15 சதவீதமாகவும் குறையும். படி 15 என்றால் 31, பிறகு 7 சதவீதம்.

ஆக, காலம் போகப்போக நீலப்புள்ளி மங்கலாகத் தெரியும். மங்கலான படத்தையும் கூர்மையான படத்தையும் ஒப்பிட்டால் ஓரங்கள் நகர்ந்ததுபோலத் தோன்றும். இடைவெளியும் சீராக இல்லை: 53 நாள் சுற்று, 2021 ஜூனில் கனிமீடைக் கடந்தபின் 43, 2022 செப்டம்பரில் யூரோப்பாவுக்குப் பின் 38, அயோ சந்திப்புகளுக்குப் பின் 33.

#13 பாயக்கோடு

தயக்கம் நியாயம். ஆனால் நீங்கள் சொல்லும் பிழை எந்த வடிவில் வரும் என்று பாருங்கள். உயரம் ஒரே திசையில் கூடிக்கொண்டே போகிறது. ஆகவே அது தரும் பொய் மாற்றமும் ஒரே திசையில்தான் சரியும். போய்த் திரும்பி வரும் ஊசலை உயரம் மட்டும் உண்டாக்குவது கடினம். தவிர, நல்ல பொருத்தலில் படங்களை ஒப்பிடுவதில்லை. ஒவ்வொரு அளவீட்டையும் அதன் சொந்த உயரத்திலேயே மாடல் கணக்கிடுகிறது.

இருந்தாலும் சோதிக்க வழி இருக்கிறது. நிலையான புலம் ஒன்றை, ஜேஆர்எம்33-ஐயே, உண்மை என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லா அண்மைப் புள்ளிப் பாதைகளிலும் அதிலிருந்து செயற்கை டேட்டா உண்டாக்குங்கள். திசைப் பிழைக்காகப் புலத்தின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு இரைச்சல், பயணத்துக்குப் பயணம் மாறும் தட்டு, இரண்டையும் சேருங்கள். பிறகு கால மாற்றம் அனுமதிக்கும் அதே பொருத்தலை ஓட்டுங்கள். இல்லாத ஊசல் முளைத்தால் உங்கள் முறையில் கோளாறு. முளைக்கவில்லையென்றால் அடுத்து 4 செ.மீ. நகர்வை உள்ளே வைத்து, அது அதே அளவில் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். இரண்டாவது சோதனையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மென்மையாக்கும் காரணி அதிகமானால் நகர்வு பாதியாகத்தான் திரும்பி வரும்.

#14 காந்தஊசி

ஏற்கிறேன். செயற்கைச் சோதனையில் தட்டின் மாற்றத்தைச் சேர்ப்பதுதான் முக்கியம். வெறும் சீரற்ற இரைச்சலை மட்டும் சேர்த்தால் எந்த முறையும் தேறிவிடும்.

#15 தரவுத்தச்சன்

எரிமீன்73, கோட் எழுதத் தொடங்கும்முன் சரிபார்க்க வேண்டியவை. பத்து நிமிட வேலை, பல நாள் மிச்சமாகும்.

ஜேஆர்எம் கெழுக்கள் ஷ்மிட் முறையில் இயல்பாக்கப்பட்டவை, தீர்க்கரேகை கிழக்கு நோக்கி. ஆனால் சிஸ்டம் 3-ஐப் பேசும்போது எல்லோரும் மேற்குத் தீர்க்கரேகையைச் சொல்வார்கள். குறி மாறினால் இருமுனைப் பகுதி ஓரளவு பொருந்தி, மற்றதெல்லாம் குலையும். ஜேஆர்எம்09-இன் முதல் மூன்று கெழுக்கள் 410244.7, −71498.3, 21330.5 நானோடெஸ்லா. உங்கள் கோட் இவற்றிலிருந்து 10.3 டிகிரி சாய்வும் மேற்கு 196.6 டிகிரியும் தர வேண்டும். தரவில்லையென்றால் அங்கேயே நிறுத்துங்கள்.

அடுத்து, டேட்டா கோப்பின் ஆயம், அதாவது திசைகளை அளக்கும் அச்சுகள். ஜூனோவின் கோப்புகள் கோள்மைய ஆயத்திலும், சூரியனைச் சார்ந்த ஆயத்திலும், கருவி ஆயத்திலும் தனித்தனியே கிடைக்கும். உங்களுக்கு வேண்டியது கோளோடு சுழலும் முதலாவது. ஒரு விநாடிச் சராசரிக் கோப்பு போதும்.

மேற்பரப்பு வரைபடம் போடும்போது வியாழன் கோளம் அல்ல என்பதையும் மறக்காதீர்கள். துருவத்தில் ஆரம் 15-இல் ஒரு பங்குக்கு அருகில் குறைவு. ஆனால் நகர்வைக் கணக்கிடுவது மேகப்பரப்பில் அல்ல, உள்ளே ஒரு கோளப் பரப்பில். ஜேஆர்எம்33 காட்டும் டைனமோ ஆரம், அதாவது புலம் உருவாகும் பகுதியின் வெளி எல்லை, 0.81 வியாழ ஆரம். மூரின் ஆய்வு காற்றின் வேலையை 0.93 முதல் 0.95 வரை வைத்தது. எந்த ஆரத்தில் வேகத்தைச் சொல்கிறீர்கள் என்று எழுதாமல் செ.மீ. சொல்லாதீர்கள். டிகிரியில் சொல்வது பாதுகாப்பு.

#16 எரிமீன்73

நன்றி. கெழுக் கழித்தலை முழுதும் கைவிடுகிறேன். பயனியர் 11 பாதையில் மிச்சம், பொதுச் சுழற்சித் திருத்தம் ஒரு மாறி, பயணத்துக்கு ஒரு தட்டுக் காரணி, இதிலிருந்து தொடங்குகிறேன். ஒரே ஒரு கேள்வி: சனிக்கும் இதே முறை செல்லுமா? 1979-இன் பயனியர் 11 டேட்டாவும், 2017-இல் காசினியின் கடைசி 22 நெருங்கிய சுற்றுகளும் இருக்கின்றனவே.

#17 பாயக்கோடு

செல்லாது. #11-இல் சொன்ன பெருக்கலைப் பாருங்கள். சனியின் இருமுனைச் சாய்வு 0.01 டிகிரிக்கும் குறைவு. புலம் தீர்க்கரேகை வழியே சரியவே இல்லை, ஆக மண்டலக் காற்று எவ்வளவு அடித்தாலும் பெருக்கல் சுழியம். சுழற்சியையும் காந்தப்புலத்திலிருந்து எடுக்க முடியாது. அதே காரணத்தால் #6-இல் சொன்ன தீர்க்கரேகைப் பிழையும் அங்கே தொல்லை தராது. சனியில் அளக்க முடிவது அச்சுச் சமச்சீர்க் கெழுக்கள் ஆண்டுகளில் கூடினவா குறைந்தனவா என்பது மட்டும். அதற்கு #8-இல் காந்தஊசி சொன்ன சிக்கல், வெளிப்புற மின்னோட்ட வளையமும் இருமுனையும் ஒன்றையொன்று மறைப்பது, முழு வலுவோடு வந்து நிற்கும்.